ஐந்து மணி லைனில் நான் பேசாமல் இருந்த இரண்டு நாள்

செப்டம்பர் 8, 2014, திங்கள்

நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். ஐந்துக்கு லைன். ஐந்தே முக்காலுக்கு ஷெட்டில் பள்ளிக்கூட பஸ்ஸை எடுக்க வேண்டும். பதினான்காம் நம்பர் ரூட், பதினெட்டுப் பிள்ளைகள், அதில் இரண்டு பேர் கடிப்பார்கள்.

லைன் என்றால் எங்கள் சபைப் பெண்களின் போன் ஜெபம். எல்லோரும் ஒரே நம்பரைப் போட்டால் ஒரே அறையில் இருப்பது போல. யாராவது நுழைந்தால் ஒரு பீப், போனால் ஒரு பீப். பாதிப் பேர் படுக்கையில், சிலர் அடுப்படியில், நான் சீருடையில். போனில் நட்சத்திரமும் ஆறும் அழுத்தினால் நம் சத்தம் யாருக்கும் கேட்காது. நான் அழுத்தியே வைத்திருப்பேன். மார்ச்சிலிருந்து எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

நடத்துவது மதர் பெட்வே. நியூ கில்கால் சபையின் தாய்மார்களில் மூத்தவர். பாஸ்டரே அவர் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். இன்று என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். "ஆண்டவரே, வெர்லீன் இன்னும் விடமாட்டேங்குறா. அவ இறுக்கிப் பிடிச்சிருக்கிறத நீரே பிடுங்கிப் போடும்." இருபது பேர் ஆமென் சொன்னார்கள்.

எதைப் பிடுங்குவது? செத்துப்போன பிள்ளையையா?

செப்டம்பர் 9, செவ்வாய்

இந்த நோட்டு சபையின் ஆறுதல் வட்டத்தில் கொடுத்தது. சனிக்கிழமைதோறும் கீழ்த்தளத்தில் ஒன்பது பெண்கள், ஒரு டிஷ்யூ பெட்டி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வசனம் அச்சடித்திருக்கிறது. இந்த வாரப் பாடம்: உன் இழப்பை ஒரு பக்கத்தில் எழுது. ஒரு பக்கம் போதும் என்று யார் முடிவு செய்தார்கள்?

எழுதுகிறேன். மார்ச் 14, வெள்ளிக்கிழமை. எட்டு மாதம். பிரஷர் ஏறிவிட்டது, கால் இரண்டும் வீங்கி செருப்பு நுழையவில்லை. "இன்னைக்கு ராத்திரியே வந்து சேருங்க, பிள்ளைய எடுத்துரலாம்" என்றார் டாக்டர். என் கணவர் லமார் காரை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். நான் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நின்று மதர் பெட்வேக்குப் போன் செய்தேன். அவர் சொன்னது இதுதான், ஒரு சொல் மாறாமல்: "அரை வேக்காட்டுல ஒரு கேக்கை யாராவது அடுப்புலேந்து எடுப்பாங்களா மகளே? அவங்களுக்கு நம்ம வயித்தக் கிழிக்கிறதுன்னா அவசரம். திங்கக்கிழமை வரைக்கும் காத்திரு. லைன் முழுக்க உபவாசம் இருக்கும்."

முப்பத்தொன்பது வயதில் வந்த முதல் பிள்ளை. அதற்கு முந்தின வருடம், "நீ ஒரு பெண் பிள்ளையைக் கையில் ஏந்துவாய்" என்று சபை நடுவில் என் வயிற்றில் எண்ணெய் பூசித் தீர்க்கதரிசனம் சொன்னவரும் அவர்தான். நான் காரிலிருந்து காலை வெளியே எடுத்தேன். நானும் உபவாசம் இருந்தேன். ஆமாம், எட்டு மாத வயிற்றோடு.

திங்கட்கிழமை அமாரியாவைக் கையில் ஏந்தினேன். தீர்க்கதரிசனம் பலித்துவிட்டது. இரண்டு மணி நேரம் வைத்திருக்க விட்டார்கள்.

லமார் ஜூனில் டாலஸ் போய்விட்டார். வேலைக்கு என்று சொன்னார். சூட்கேஸை எடுக்கும்போது, "நான் கார ஸ்டார்ட் பண்ணி வெச்சிருந்தேன், வெர்லீன்" என்றார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். காத்திருக்கச் சொன்னது நான்தான் என்று மதர் பெட்வே அந்த லைனில், எல்லோர் காதிலும் விழ, ஒரு தடவை சொல்ல வேண்டும். அது போதும். அதன் பிறகு பூ, கேக், வசனம், எது வேண்டுமானாலும் கொடுக்கட்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

ஆமென் ஆனதும் பீப் பீப் என்று எல்லோரும் போனார்கள். நான் காலணியின் லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன், போனை அணைக்கவில்லை. இரண்டு பேர் இன்னும் லைனில் இருந்தார்கள். எல்லோரும் போய்விட்டதாக நினைத்திருக்கிறார்கள். மதர் பெட்வேயும் அவருக்கு உதவியாக இருக்கும் சிஸ்டர் ஓசெல்லாவும்.

ஓசெல்லா: "வெர்லீன் பேசறதே இல்ல பாத்தீங்களா. இருக்காளா இல்லையான்னே தெரியல."

மதர்: "அந்தப் பொண்ண நான்தான் காத்திருக்கச் சொன்னேன். வாய மூடிட்டு இருந்திருக்கலாம் நான்."

என் கை லேஸிலேயே நின்றுவிட்டது.

ஓசெல்லா: "ஐயோ, அத எங்கயும் சொல்லிட்டுத் திரியாதீங்க. அவளும் சொல்ல மாட்டா. சொன்னா அவதானே முட்டாள்? கதவு தொறந்த கார விட்டு எறங்கினவ."

மதர்: "அவளுக்கு விசுவாசம் பத்தலன்னே இருக்கட்டும். சபைக்கு அதான் நல்லது." பிறகு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கெளுத்தி மீன் யார் பொரிப்பது என்று பேசினார்கள். ஓசெல்லாவின் மீனில் உப்பு அதிகமாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றும் ஆமெனுக்குப் பிறகு இருந்தேன். என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. உப்பைப் பற்றித்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

டெனேஷா இன்று லைனில் பேசினாள். இருபத்தாறு வயசு. அவள் மகள் நைலா என் பஸ்ஸில் வருகிறாள், முன் சீட். டெனேஷாவுக்கு இப்போது ஏழு மாதம். புருஷன் ஆற்றுப் படகில் வேலை. வீட்டுக்கு வந்தால் வந்தார்.

"மதர், மூணு நாளா தலைவலி. கண்ணுல பூச்சி பறக்குற மாதிரி இருக்கு. காலு ரெண்டும் பூசணிக்காய். ஆஸ்பத்திரிக்குப் போகவா?"

மார்ச்சில் என் காலும் இப்படித்தான் இருந்தது.

மதர் சொன்னார்: "பயத்துக்கு இடம் கொடுக்காத மகளே. நெத்தியில எண்ணெய் வை. வினிகர் தண்ணி குடி. ஜன்னல் திரைய இழுத்துவிட்டுப் படு. நாங்க உபவாசம் இருக்கோம், வெள்ளிக்கிழமை பாப்போம்."

ஆமென். ஆமென். இருபத்திரண்டு ஆமென்.

நட்சத்திரமும் ஆறும் மறுபடி அழுத்தினால் என் குரல் திறந்துவிடும். விரல் அங்கேதான் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன், நைட்டி, வீங்கிய முகம். அங்கேயாவது சொல்லியிருக்கலாம். "குட் மார்னிங்" என்றேன்.

ஏன் என்று இங்கே எழுதித்தான் ஆக வேண்டும், வசனம் கீழே இருந்தாலும். இன்னொரு தடவை நடக்கட்டும் என்று நினைத்தேன். அப்போது யார் விசுவாசம் பத்தவில்லை என்று பார்ப்போம். அந்த நினைப்பு எனக்குக் கூசவில்லை. இனிப்பாக இருந்தது. எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

லைனில் டெனேஷா இல்லை. "தூங்குறா, நல்ல அறிகுறி" என்றார் மதர்.

நான் இன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

நிறுத்தத்தில் நைலா தனியாக நின்றாள். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள். "அம்மா எங்கடி?" என்றேன். "படுத்திருக்காங்க. வெளிச்சம் குத்துதாம். எம்பேர மறந்துட்டாங்க."

பஸ்ஸை நிறுத்தி, பெரிய பையன் ஒருவனிடம் "யாரும் எழுந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். டெனேஷா தரையில் இருந்தாள், சுவரில் சாய்ந்து. முகமெல்லாம் எண்ணெய். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எங்கள் பக்கத்துக்கு வர இருபத்தைந்து நிமிடம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் பதினோரு நிமிடம். எனக்கு அந்தப் பாதை தெரியும். மார்ச்சில் திங்கட்கிழமை போன பாதை.

தூக்கிக்கொண்டு வந்து முன் சீட்டில் படுக்க வைத்தேன். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ளே. ரேடியோவில் ஷெட் சூப்பர்வைசர் லெவெல் கத்தினார்: "பதினாலு, எங்க போற? உன் ரூட் அந்தப் பக்கம் இல்ல."

"ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு என்னாச்சு? பிள்ளைங்களுக்கா?"

"இல்ல."

"அப்ப உடனே திருப்பு வெர்லீன், வேலை போயிரும்."

ரேடியோவை அணைத்தேன். டெனேஷா என் சீருடையைப் பிடித்து இழுத்தாள். "மதர் வெள்ளிக்கிழமைன்னு சொன்னாங்கக்கா. இன்னைக்கு வெள்ளியா?" "தெரியும், லைன்ல நானும் கேட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பாலத்தின் மேல் அவளுக்கு வலிப்பு வந்தது. பிள்ளைகள் ஒருவரும் அழவில்லை. பின்னாலிருந்து ஒருத்தன் மட்டும், "ஆன்ட்டி, நமக்கு டிபன் கெடைக்காதா?" என்றான்.

மஞ்சள் பஸ்ஸை அவசரப் பிரிவு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன், சிவப்பு விளக்கெல்லாம் எரிய.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆண் பிள்ளை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறான். டெனேஷா கண் விழிக்கவில்லை.

எனக்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன். லெவெல் தலையைக் குனிந்துகொண்டே தாளைக் கொடுத்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

டெனேஷா விழித்துவிட்டாள். இடது கண்ணில் பாதிதான் தெரிகிறதாம். திரும்புமா என்று டாக்டர் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையே வந்திருந்தால்? நர்ஸிடம் கேட்டேன். "அந்தக் கேள்வியெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றாள். நானும் மார்ச்சில் இதையேதான் கேட்டேன், இதே பதில்தான்.

சபையில் சாட்சி நேரம். மதர் பெட்வே வெள்ளைத் தொப்பியோடு எழுந்தார். "லைன் உபவாசம் இருந்துச்சு. நாங்க முழங்கால்ல இருந்தோம். கர்த்தர் என்ன பண்ணார்? ஆம்புலன்ஸையா அனுப்பினார்? பஸ்ஸ அனுப்பினார்." ஆர்கன் பொங்கியது. முழுச் சபையும் எழுந்து நின்றது. என்னை முன்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். மதர் என்னைக் கட்டிப்பிடித்துக் காதில் சொன்னார்: "பாத்தியா மகளே? உன் பிள்ள போனதுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு."

அவர் மார்பில் சாம்பிராணியும் வெண்ணெயும் கலந்த வாசனை. நான் தள்ளவில்லை. கைதட்டல் அவ்வளவு சத்தம். அது பிடித்தும் இருந்தது. ஆறு மாதமாக என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்டோபர் 12 பெண்கள் ஞாயிறு. சிறப்புச் சாட்சி நான். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: "காயத்திலிருந்து கனி."

செப்டம்பர் 24, புதன்

லமார் போன். "கேள்விப்பட்டேன். அவளுக்கு மட்டும் வண்டி ஓட்டியிருக்க." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

டெனேஷா கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தபடி லைனுக்கு வந்தாள். மெஷின் சத்தம் பின்னால் கேட்டது. மதருக்கு நன்றி சொன்னாள். எனக்கு நன்றி சொன்னாள். "வெர்லீன் அக்கா மட்டும் அன்னைக்கு வரலைன்னா..." என்று அழுதாள். பிள்ளைக்கு மைக்கா என்று பேர்.

மதர் என்னைப் பேசச் சொன்னார். திறந்து, "ஸ்தோத்திரம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

பெண்கள் ஞாயிறுக்கு எழுத உட்கார்ந்தேன். மூன்று வரி வந்தது, மூன்றும் பொய். மதர் பெட்வே என்ன செய்யவில்லை என்று ஆறு மாதமாகப் பொருமிக்கொண்டிருந்தேனோ, அதைத்தான் நானும் செய்யாமல் இருக்கிறேன். அவராவது தெரியாமல் சொன்னார். அவர் நம்பினார், கிழவி. நான் தெரிந்தே பேசாமல் இருந்தேன். இரண்டு நாள் காலையும்.

அக்டோபர் 4, சனி

ஆறுதல் வட்டம். மன்னிப்புக் கடிதம் எழுதி எல்லோரும் தட்டில் போட்டு எரித்தோம். நான் வெற்றுத் தாளை மடித்துப் போட்டேன். அதுதான் நன்றாக எரிந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ஜெப விண்ணப்பம் கேட்டார் மதர். நட்சத்திரம், ஆறு. "விண்ணப்பம் இல்ல. ஒண்ணு சொல்லணும்" என்றேன். "மார்ச் மாசம் டாக்டர் ராத்திரியே வரச் சொன்னார். மதர் பெட்வே காத்திருக்கச் சொன்னாங்க. நான் காத்திருந்தேன். எம்பிள்ள அமாரியா செத்துட்டா. டெனேஷா தலைவலின்னு சொன்னப்ப எனக்கு அது என்னன்னு தெரியும். செவ்வாய்க்கிழமை நான் இந்த லைன்ல இருந்தேன். புதன்கிழமையும் இருந்தேன். வாயத் தொறக்கல."

எங்கோ காபி மெஷின் கொதித்தது.

பிறகு டெனேஷா: "செவ்வாய்க்கிழமையேவா?"

"செவ்வாய்க்கிழமையே."

"பஸ்கிட்ட நின்னேனே. குட் மார்னிங் சொன்னீங்களே."

"சொன்னேன்."

"ஏங்க்கா?"

"மதர் மாட்டணும்னு."

பீப். அவள் போய்விட்டாள். அதன் பின்னால் இன்னும் ஐந்தாறு பீப்.

மதர் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர் வெர்லீன் ரொம்பக் களைச்சுப் போயிருக்கா. புத்தி தெளியணும்னு எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம்."

"ஜெபம் அப்புறம், மதர். காத்திருன்னு சொன்னது நீங்கதானே? ஆமான்னு ஒரு வார்த்தை."

அப்போது லைனில் ரெக்கார்டு செய்து வைத்த பெண் குரல் வந்தது: எல்லா இணைப்புகளின் ஒலியும் நிறுத்தப்பட்டுள்ளது. ஓசெல்லாவின் வேலை. என் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டு, பதினான்கு நிமிடம் என் மனநலத்துக்காக ஜெபித்தார்கள். முழுவதும் கேட்டேன். நல்ல ஜெபம், குறை சொல்ல முடியாது.

அக்டோபர் 8, புதன்

ஐந்து மணி. நம்பரைப் போட்டேன். அந்த நம்பர் செல்லாது என்றது. புது நம்பர் எல்லோருக்கும் போயிருக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

பெண்கள் ஞாயிறு. எல்லோரும் வெள்ளை. என்னிடம் இருந்த வெள்ளை உடுப்பு அமாரியாவின் அடக்கத்துக்குப் போட்டது. அதனால் பச்சையில் போனேன். வாசலில் நின்ற பெண் வெள்ளைக் கையுறைக் கையை நீட்டித் தடுத்தாள். ஜெபம் நடக்கும்போது யாரையும் உள்ளே விடக் கூடாது, அது முறை. முடிகிற வரை நின்றேன். அன்றைக்குப் பார்த்து ஜெபம் முடியவே இல்லை.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன். உரக்க ஜெபித்தேன், ஏழு மாதத்தில் முதல் தடவை, என் சொந்த வாயால். ஸ்தோத்திரம் ஒன்றும் இல்லை. சண்டைதான். என் பிள்ளையை என்ன செய்தீர் என்று கேட்டேன். பிறகு டெனேஷாவின் கண்ணுக்காகக் கேட்டேன். இரண்டும் ஒரே மூச்சில். பதில் வரவில்லை. ஆனால் யாரும் என் சத்தத்தை நிறுத்தவும் இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

பஸ்ஸைத் திரும்பக் கொடுத்தார்கள். நைலாவின் நிறுத்தத்தில் யாரும் இல்லை. அவளைச் சித்தி காரில் கொண்டுபோய் விடுகிறாளாம். விதிப்படி ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

இப்போதும் ஐந்து மணிக்கு விழிப்பு வருகிறது. அடுப்படியில் உட்கார்ந்து அந்தச் சண்டையைத் தொடர்கிறேன். சில நாள் சண்டை சின்னதாக இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

காலை ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து சோளரொட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம். டெனேஷா. கறுப்புக் கண்ணாடி, கையில் பிள்ளையின் கார் சீட், போர்வைக்குள் ஒரு சின்ன மூக்கு. தெருவில் தங்கையின் கார் உறுமிக்கொண்டிருந்தது.

"உங்கள மன்னிக்க வரல" என்றாள்.

"சரி."

"கண் டாக்டரப் பாக்கணும். லிட்டில் ராக் வரைக்கும் போகணும். இவனப் பாத்துக்க மாமியார் வர மாட்டாங்களாம், மதர் இன்னைக்கு உபவாசம் போட்டிருக்காங்க, என் கண்ணுக்காக." அவள் வாய் கோணியது. சிரிப்பா என்று தெரியவில்லை. "டாக்டர் வேணாம், வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்னாங்க."

"நீ போ."

"போறேன். மூணு மணி நேரம். பால் பையில இருக்கு." சீட்டை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். "இவனுக்கு எதுனாச்சும்னா, என்ன ஏதுன்னு யோசிக்காதீங்க. அப்பவே போன் பண்ணுங்க. ரெண்டு நாள் வெச்சிருந்து சொல்லாதீங்க."

பதிலுக்கு நிற்கவில்லை. படியிறங்கும்போது கைப்பிடியை இடது பக்கம் தடவித் தடவிப் பிடித்தாள். இன்னும் அந்தப் பக்கம் தெரியவில்லை. நான் பேசாமல் இருந்ததன் அளவு அவ்வளவு.

மதியம் ஓட்டத்துக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லி லெவெலுக்குச் சொன்னேன். சீட் பெல்ட்டை அவிழ்க்கவே நேரம் பிடித்தது. தினமும் ஏழு மணி நேரம் பஸ் ஓட்டுகிறவள், பிள்ளைகளின் பெல்ட் அவிழ்ப்பதுதான் என் பிழைப்பு, அது வரவில்லை. தூக்கினேன். சூடாக இருந்தான். அமாரியாவை என் கையில் வைக்கும்போதும் சூடு இருந்தது, என் சூடுதான் அது. இவன் சூடு இவனுடையது. உட்கார்ந்துகொண்டேன்.

பதினொன்று பத்துக்கு அவனுக்கு விக்கல் வந்தது. டெனேஷாவுக்குப் போன் செய்தேன்.

"என்ன?"

"விக்கல்."

"எவ்வளவு நேரமா?"

"இப்பதான். ரெண்டாவது."

கார் ஓடும் சத்தம் கேட்டது.

"சரி" என்றாள். "அது நின்னதும் சொல்லுங்க."

பதினொன்று பதினான்குக்கு நின்றது. சொன்னேன்.